சீட்டும் பாடும்



தமிழில் ‘சீட்டு’ என்னும் சொல்லுக்கு வாய்த்திருக்கும் வாழ்வு பெரிது. வைத்தியர் எழுதித் தருவது மருந்துச் சீட்டு. பேருந்தில் நடத்துநர் கிழித்துத் தருவது பயணச் சீட்டு. மாதந்தோறும் இருபது பேர் கூடிப் பணம் கட்டி ஏலம் கூறி எடுப்பதும் சீட்டு. திண்ணையில் நால்வர் வட்டமிட்டு அமர்ந்து ஆடுவதும் சீட்டு. யாருக்கு எது என்று வாய்ப்பேச்சால் முடிவு காண இயலாதபோது, பெயர்களை எழுதி மடித்துக் குலுக்கி எடுப்பதும் சீட்டே. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கடைசியாகச் சொன்ன இரண்டைப் பற்றி. ஆடும் சீட்டுக்கும் குலுக்கும் சீட்டுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. ‘யாருக்கு’ என்பதை இரண்டும் எளிதில் சொல்லிவிடும். ‘எப்பொழுது’ என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்ற நான்கு இனமும் இனத்துக்குப் பதின்மூன்றுமாக ஐம்பத்திரண்டு சீட்டு கொண்ட கட்டுத்தான் நமக்குப் பழக்கம். இக்காலத்துப் பிள்ளைகள் ஆடுவது வேறு. கடையில் சிறு சிறு உறைகளாக வாங்கிச் சேர்த்து, நண்பரோடு மாற்றிக்கொண்டு, தமக்கென ஒரு கட்டை அவர்களே அமைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம். படத்தின் கீழ் நாலு வரி எழுத்து. அந்தச் சீட்டு என்ன செய்யும் என்பதை அந்த எழுத்தே சொல்லும். இவ்வகை ஆட்டத்துக்கு வழி திறந்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர். ‘மேஜிக் தி கேதரிங்’ என்ற அவருடைய ஆட்டம் 1993-இல் வெளிவந்தது. பின்னர் ஜப்பானிலிருந்து 1996-இல் போக்கிமான் சீட்டும், 1999-இல் யூ-கி-ஓ சீட்டும் வந்தன. கணிதம் படித்தவர் செய்த ஆட்டம் என்பது அதன் விதிப் புத்தகத்தைப் புரட்டினாலே தெரியும். நம் நில உரிமைச் சட்டங்களுக்கு உரை எழுதியவர்கள்கூட இவ்வளவு நுணுக்கம் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிள்ளைகள் இந்த ஆட்டத்தில் சண்டை போடுவதைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ‘உன் சீட்டுக்கு வலிமை இல்லை’ என்று அவர்கள் சண்டை போடுவதில்லை. ‘இப்பொழுது அதைப் போட உனக்கு உரிமை இல்லை’ என்றே போடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்லுகிறேன். என் எதிரில் இருப்பவருடைய வீரனை எரித்துவிடும் நெருப்புச் சீட்டு ஒன்றை நான் போடுகிறேன். அவர் உடனே கேடயச் சீட்டு ஒன்றைப் போடுகிறார். நான் விடுவேனா? கேடயத்தைச் செல்லாமல் ஆக்கும் சீட்டு ஒன்றை அதன்மேல் போடுகிறேன். இப்பொழுது மேசைமேல் மூன்று செயல்கள் கிடக்கின்றன. முதலில் வந்தது நெருப்பு. ஆகவே முதலில் நெருப்பு பற்றும் என்று நாம் நினைப்போம். ஆட்டத்தின் விதி அப்படியன்று. கடைசியில் வந்ததுதான் முதலில் நடக்கும். நான் மூன்றாவதாகப் போட்டது கேடயத்தைக் குலைக்கிறது. இரண்டாவது பயனற்றுப் போகிறது. அதன் பின்னரே நெருப்பு வந்து வீரனை எரிக்கிறது. வீட்டில் அடுக்குப் பானை பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அடிப்பானையில் உள்ள அரிசி வேண்டுமானால், மேற்பானையை முதலில் இறக்கித்தான் ஆக வேண்டும். இந்த ஆட்டத்திலும் செயல்கள் அடுக்குப் பானையாகவே நிற்கின்றன. மேஜிக் ஆட்டத்தில் இவ்விதி இந்தத் தெளிவான வடிவத்தைப் பெற்றது 1999-இல். அதற்கு முன் இடைமறிக்கும் சீட்டு என்று தனி இனமே இருந்தது. அதனால் விளைந்த குழப்பம் மிகுதியாகவே, அந்த இனத்தையே எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம் என்பேன்.

இதில் இன்னும் ஒரு நயம் உண்டு. ஒரு செயல் நடந்தேறுவதற்கு முன் இருவரையும் கேட்டாக வேண்டும்: ‘நீ ஏதேனும் போடுகிறாயா?’ என்று. ‘இல்லை’ என்று ஒருவர் சொல்லி, மற்றவரும் ‘இல்லை’ என்று சொன்ன பின்னரே மேலே கிடக்கும் சீட்டு பலிக்கும். நமக்கு இது புதிதன்று. கடற்கரையில் மீன் ஏலம் விடுபவர் ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்துகிறாரே, அந்த மூச்சுத்தான் இது. அந்த இடைவெளிக்குள் கேட்டவர் வாங்கலாம். ‘மூன்று தரம்’ என்ற பின் கேட்டவர் அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

இலக்கணம் கற்பித்தவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது யூ-கி-ஓ ஆட்டத்தின் ஒரு விதி. ஒரு சீட்டில், ‘இந்த வீரன் வீழ்ந்தபோது நீ ஒரு சீட்டு எடுக்கலாம்’ என்ற பொருளில் எழுதியிருக்கும். வேறொரு சீட்டில், ‘இந்த வீரன் வீழ்ந்தால் நீ ஒரு சீட்டு எடுக்கலாம்’ என்று இருக்கும். நாம் இரண்டையும் ஒன்றென்றே படித்துச் செல்வோம். ஆட்டத்தின் நடுவர் அப்படிப் படிப்பதில்லை. முன்னதற்கு, வீரன் வீழ்ந்ததே கடைசியாக நடந்த செயலாக இருக்க வேண்டும். வீழ்ந்த பின் அதே தொடரில் வேறொரு செயல் நடந்துவிட்டால், சீட்டு எடுக்கும் உரிமை போயிற்று. காலம் தவறிற்று என்பது அவர்கள் தீர்ப்பு. பின்னதற்கு அந்தக் கட்டு இல்லை. தொடர் முழுவதும் முடிந்த பிறகும் உரிமை காத்து நிற்கும். ‘வீழ்ந்தபோது’ என்பது பெயரெச்சத்தோடு காலப்பெயர் சேர்ந்து வந்தது; ‘வீழ்ந்தால்’ என்பது நிபந்தனையைக் காட்டும் வினையெச்சம். ஒன்று நேரத்தைச் சொல்லுகிறது, மற்றொன்று நிபந்தனையைச் சொல்லுகிறது. வகுப்பில் இந்த வேறுபாட்டைச் சொன்னால் கொட்டாவி விடும் பிள்ளை, ஒரு சீட்டு கைநழுவிப் போகும்போது அதை ஒரே நொடியில் கற்றுக்கொள்கிறது.

பழைய ஆட்டங்களிலும் காலவிதி இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தார் விரும்பி ஆடும் ‘முந்நூற்று நாலு’ என்னும் ஆட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓர் இனத்தில் குலாமுக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, கூட்டினால் 76. நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. பெயரே கணக்கு. அதில் துருப்பு இன்னது என்பதைக் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து மறைத்துக்கொள்வார். நம் அண்டையிலுள்ள கேரளத்தார் ஆடும் இருபத்தெட்டிலும் அப்படியே. அந்தக் கவிழ்ந்த சீட்டு எல்லோர் கண்ணெதிரிலும் கிடக்கிறது; ஆனால் நினைத்தபோது அதைத் திறக்க முடியாது. இறக்கிய இனம் தன் கையில் இல்லை என்ற நிலை ஒருவருக்கு வந்தால்தான் திறக்க வழி பிறக்கும். ‘துருப்புச் சீட்டு’ என்று அரசியல் மேடைகளில் முழங்குகிறவர்கள், துருப்பின் வலிமை அதன் இனத்தில் மட்டும் இல்லை, அது திறக்கப்படும் வேளையிலும் இருக்கிறது என்பதை அறிந்துதான் முழங்குகிறார்களோ என்னவோ!

ஆட்டத்தில் காலம் தவறினால் போவது ஒரு சீட்டு. காலம் தவறினால் அடுப்பில் உலை ஏறாத இடம் ஒன்று உண்டு. அங்கே உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு இருக்கிறது. ஒல்லாந்தர் 1613-இல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டித் துணி வாணிகம் செய்த துறை அது. அந்தக் கோட்டை இன்று மண்மேடு. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் செதுக்கு வேலை மாறாமல் நிற்கின்றன. ஊரை ஒட்டிக் கிடக்கும் ஏரி, இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடி பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது, தென்கோடி நம்முடையது. ஆரணியாறும் காளாங்கியாறும் சுவர்ணமுகியின் நீரும் ஒருபுறம் சேர, மறுபுறம் முகத்துவாரத்தின் வழியே வங்கக்கடல் உள்ளே வந்து போகிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்ட வரப்பைப் போலக் கிடப்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. பரப்பு பெரிதே தவிர ஆழம் இல்லை. பல இடங்களில் இடுப்பளவு நீர்தான்.

இந்த ஏரியின் செல்வம் இறால். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் நீரேற்றத்தோடு முகத்துவாரம் கடந்து ஏரிக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் மேய்ந்து வளர்கின்றன. ஓரளவு வளர்ந்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழி ஒன்றே; அது முகத்துவாரத்தை ஒட்டிய ஓடை. ஆகவே, ஏரி முழுவதும் நீர் இருந்தாலும், ஓட்டத்தில் கழி ஊன்றி வலை கட்ட ஏற்ற இடங்கள் சிலவே. அந்தச் சில இடங்களில் இன்று யார் வலை கட்டுவது என்பதுதான் தலைமுறை தலைமுறையாக வந்த கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பழவேற்காட்டு மீனவர் கண்ட விடையின் பெயர் ‘பாடு’. தமிழில் இதுவும் பல பொருள் கொண்ட சொல். உழைப்பும் பாடு, துன்பமும் பாடு, ‘அவன் பாடு யோகம்’ என்கிறபோது பங்கும் பாடு. மீனவர் வாயில் அது வலை வீசும் இடத்தையும், அங்கே வீசும் முறையையும், அதில் விழுந்ததையும் சேர்த்துக் குறிக்கும். ஒரு சொல்லில் இடமும் காலமும் பயனும் அடங்கிவிட்டன.

முறை இதுதான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற மூன்று ஊர்களும் பாட்டு உரிமை உள்ள பழைய ஊர்கள். பாட்டு நிலைகளை இவ்வூர்கள் தமக்குள் மாறி மாறி வைத்துக்கொள்ளும். ஓர் ஊரின் முறை வந்தால் அந்த ஊருக்குள் யார் யார் எங்கே கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வர். சீட்டில் பெயர் இருக்க வேண்டுமானால் அவர் ‘தலைக்கட்டு’ ஆக இருக்க வேண்டும். பட்டினவர் சமூகத்தைச் சேர்ந்த, மணமான, ஊருக்கு வரி கொடுக்கிற ஆண்மகன் என்பது அதன் பொருள். குலுக்கலில் விழுந்த இடத்தில், தமக்குரிய நாளில் அவர் கட்டலாம். முறை முடிந்தால் கழியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்தவருக்கு வழி விடவேண்டும். வலுத்த கை என்பதற்காக ஒருவர் இரண்டு நாள் கட்ட முடியாது. தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும். 1991-இல் ஐக்கிய நாடுகள் அவையின் உணவு வேளாண்மை நிறுவனம் இந்த முறையைப் பற்றித் தனியே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது என்றால் இதன் மதிப்பை நீங்களே உணரலாம். ஏட்டில் எழுதாத சட்டம் உலகத்தார் ஏட்டில் ஏறியது.

‘இடத்தை நிரந்தரமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால் என்ன? ஏன் இந்தச் சுழற்சி?’ என்று கேட்கத் தோன்றும். வயலுக்கு அது பொருந்தும். வயல் நகராது. நீரோட்டம் நாளுக்கு நாள் மாறும். ஏற்றமும் வற்றமும் நேற்றைய வேளையிலேயே இன்றும் வருவதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகின்றன. அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் ஓட்டம் வலுக்கும். அட்டமியை ஒட்டித் தளரும். முகத்துவாரத்தின் மணல்மேடும் ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்று பொன் விளையும் இடம் ஆறு திங்களில் சேற்றுத் திட்டாகலாம். இப்படிப்பட்ட இடத்தில் நிலத்தைப் பங்கிட்டால் ஒருவன் வாழ்வான், ஒருவன் தாழ்வான். நேரத்தைப் பங்கிட்டால்தான் எல்லோருக்கும் நல்ல நாளும் கெட்ட நாளும் கலந்து கிடைக்கும்.

இதை ஒரு கரும்பலகைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். மூன்று ஊர், நாள் ஒன்றுக்கு ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடையே சராசரியாக 14 நாளும் முக்கால் நாளுக்குச் சற்று அதிகமும் ஆகும். அது சரியாக 15 நாளாக இருந்திருந்தால் என்ன ஆகும்? 15 என்பது மூன்றால் மீதியின்றி வகுபடும் எண். முதல் ஊருக்கு அமாவாசை வந்தால், அடுத்த பௌர்ணமியும் முதல் ஊருக்கே. அதற்கடுத்த அமாவாசையும் அதற்கே. மற்ற இரண்டு ஊர்களும் ஆயுள் முழுவதும் உச்ச நாளைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்! இயற்கையின் கணக்கு அவ்வளவு முழுமையாக இல்லாமல் ஒரு கால் நாள் குறைந்திருப்பது நல்லதாயிற்று. அந்தக் கால் நாள் சேர்ந்து சேர்ந்து, ஏறத்தாழ இரண்டு திங்களுக்கு ஒருமுறை உச்ச நாள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நகரும். ஆறு திங்களில் மூன்று ஊரும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஓட்டம் வலுத்திருப்பது ஒரே நாள் மட்டும் அன்று, முன்னும் பின்னும் ஓரிரு நாள் நீளும் என்பதால், உச்ச நாள் கிடைக்காத ஊரும் வெறுங்கையோடு இராது. கணக்கை விரும்புகிறவர்கள் இந்த மூன்றுக்குப் பதில் நான்கையோ ஐந்தையோ வைத்துப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு; அது அவ்வளவு மகிழ்ச்சி தருவதன்று. ஓர் ஊரில் 100 தலைக்கட்டு, ஒரு நாளில் 10 பேர் வலை கட்ட இடம் என்று வைப்போம். எல்லோரும் ஒரு சுற்று முடிக்க ஊருக்குப் பத்து முறை வரவேண்டும். மூன்று நாளுக்கு ஒரு முறை என்றால் முப்பது நாள். அப்படியானால் ஒருவருக்குத் திங்களுக்கு ஒரு பாடு. அடுத்த தலைமுறையில் தலைக்கட்டு 200 ஆனால் இரண்டு திங்களுக்கு ஒரு பாடு. இடம் பெருகாது, குடும்பம் பெருகும். மற்ற நாட்களில் மடவைக்கும் நண்டுக்கும் வேறு வலை கொண்டு வேறு பக்கம் போகலாம், கடலுக்கும் போகலாம். ஆனாலும் பாட்டு நாள் பாட்டு நாளே. அன்று காய்ச்சல் கண்டு படுத்தாலும், புயல் எச்சரிக்கை வந்தாலும், வீட்டில் ஒரு சாவு விழுந்தாலும் அந்த முறை என்ன ஆவது? யூ-கி-ஓ சீட்டில் பார்த்தோமே, அதே கேள்வி. ‘உன் முறை வந்தபோது’ கட்டவேண்டுமா, ‘உன் முறை வந்தால்’ போதுமா? விட்ட முறை வட்டியோடு திரும்புமா, வெள்ளத்தோடு போகுமா? முறை வைத்து வாழும் எந்தச் சமூகமும் இந்தக் கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளாமல் ஓர் ஆண்டுகூட ஓட்ட முடியாது.

சீட்டுக் குலுக்குவதில் நம் முன்னோர் காட்டிய எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூர்க் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனுடைய காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஆண்டு 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை அது விவரிக்கிறது. ஊர் முப்பது குடும்பாகப் பிரிந்திருந்தது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். விரல் மடங்கினால் அதற்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் அல்லவா? தகுதியும் உண்டு: வயது 35-க்குக் குறையக் கூடாது, 70-ஐக் கடக்கக் கூடாது, வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். காலவிதியும் உண்டு: முந்திய மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் ஏறாது. சீட்டு, தகுதி, இடைவெளி என்ற மூன்றும் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னரே ஒரே கல்லில் நிற்கின்றன. பழவேற்காட்டுத் தலைக்கட்டையும் பாட்டையும் பார்க்கிறபோது, அந்தக் கல்வெட்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத் தோன்றுகிறது. உறவை நிலைநாட்டச் சான்று கேட்காதீர்கள், முகச்சாயலைத்தான் சொல்லுகிறேன்.

பாடு பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதன்று. கொச்சிக் காயலில் ஊன்றி வலைக்காரர்களிடமும் பாடும் குலுக்கலும் உண்டு. கடல் கடந்தால் இலங்கையில் நீர்கொழும்புக் காயலில் கட்டுடெல் என்ற வலைக்கு இதே ஏற்பாடு. அங்கே நான்கு மீனவர் சங்கங்கள் முறை வைத்துக்கொண்டு இறால் பிடிக்கின்றன. உறுப்பினராகக் கத்தோலிக்க சமயத்தவராகவும் இருக்கவேண்டும். அந்நாட்டு அரசு 1958-இல் அவ்வழக்கத்தை அரசிதழில் விதியாகவே ஆக்கிக் கொடுத்தது. பழவேற்காட்டுக்கு அப்படி ஒரு விதி கிடைக்கவில்லை. அது நன்மையா தீமையா என்பதில் எனக்கு இரு மனம். எழுதிய விதிக்கு நீதிமன்றத்தில் மதிப்பு உண்டு. எழுதாத விதியை ஊர் கூடி மாற்றிக்கொள்ள முடியும்.

மாற்றவேண்டிய நெருக்கடியும் வந்தது. 1970-களிலும் அதன் பின்னரும் இறால் ஏற்றுமதிப் பண்டமாகி விலை உயர்ந்தது. வீட்டுக் குழம்புக்கும் ஊர்ச் சந்தைக்கும் போன இறால், பனிக்கட்டிப் பெட்டியில் ஏறிக் கடல் கடந்தது. முன்பு யாரும் பொறாமைப்படாத இடத்தின்மேல் எல்லோர் கண்ணும் விழுந்தது. பாட்டு உரிமை இல்லாத ஊர்கள், ‘ஏரி பொது, எங்களுக்கு மட்டும் ஏன் முறை இல்லை?’ என்று கேட்டன. பூசல் வந்தது, அதிகாரிகள் நடுவில் அமர்ந்து பேச வேண்டியும் வந்தது. கேள்வி நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. அதே சமயம், எல்லோரும் ஒரே இரவில் அந்த ஓடையில் வலை கட்டினால், கடலுக்குத் திரும்பி முட்டையிட ஓர் இறாலும் மிஞ்சாது என்பதும் உண்மை. உரிமையை நாள் கணக்கில் ஒடுக்கி வைத்ததால்தான் அந்த ஓடை இத்தனை தலைமுறைக்கு இறால் கொடுத்தது. அதை வகுத்தவர்கள் இறாலைக் காக்கவேண்டும் என்று நினைத்து வகுத்தார்களா, தமக்குள் தலை உடையாமல் இருக்க வகுத்தார்களா என்றால், பின்னதுதான் என்பேன். பயன் இரண்டுக்குமாக அமைந்துவிட்டது.

இவர்கள் முறையை இவர்கள் மட்டுமே வைத்துக்கொண்ட காலமும் மலையேறிவிட்டது. 1971 அக்டோபர் 9-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ஏவூர்தி விண்ணில் ஏறியது. அன்று முதல் அந்தத் தீவில் வேறொரு கடிகாரம் ஓடுகிறது. ஏவும் நாட்களில் கடலுக்குள் செல்லவேண்டாம் என்று சுற்றுவட்டார மீனவர்க்கு அறிவிப்பு வரும். நொடி நொடியாகப் பின்னோக்கி எண்ணி, ஒரு நொடி பிசகினாலும் நிறுத்திவிடும் கணக்கு அது. படகுகள் கரையில் சாய்ந்து கிடக்க, நெருப்பு வால் மேலே ஏறுவதை நின்று பார்ப்பார்கள்.

எல்லாக் கடிகாரத்துக்கும் மேலானது முகத்துவாரம். கோடையில் ஆற்று நீர் நின்று அலை மணலைத் தள்ளிவிட்டால் அது தூர்ந்துபோகும். தூர்ந்தால் ஏற்றம் இல்லை, வற்றம் இல்லை, கடலிலிருந்து குஞ்சு வர வழி இல்லை. ஏரி நீர் வெயிலில் சுண்டி உப்புக் கடுக்கும். மீனவர் தாமே மண்வெட்டி எடுத்து மணலை வெட்டி வழி விட்டதும் உண்டு. வாய் தூராமல் இருக்கக் கல் கொட்டிக் கரை அமைக்க வேண்டும் என்று அரசை நெடுங்காலம் கேட்டு வந்ததும் உண்டு. அண்மை ஆண்டுகளில் அதற்கான பணியை அரசு கையில் எடுத்தது. வாய் அடைபட்ட நாட்களிலும் முறை என்னவோ ஊர் ஊராகச் சுற்றத்தான் செய்யும். சீட்டில் பெயர் விழுந்தவர் கழியும் வலையுமாகப் போய் அசையாத நீரைப் பார்த்துத் திரும்பலாம். மேசைமேல் சீட்டு இருக்கிறது, போட உரிமையும் இருக்கிறது, ஆட்டம் மட்டும் நின்றுவிட்டது.

சீட்டில் பெயரே ஏறாதவர்களைப் பற்றியும் ஒரு சொல். தலைக்கட்டு என்ற சொல் மணமான ஆணைக் குறிப்பதால் பெண்களுக்கு அதில் இடம் இல்லை. பிடித்த மீனைக் கூடையில் சுமந்து விற்று வீட்டைக் காப்பது அவர்கள் வேலையாக இருக்கிறது. ஏரிக்கரையில் இருளர் குடும்பங்களும் வாழ்கின்றன. அவர்களுக்கு ஓடையில் கழி ஊன்ற இடம் இல்லை. பெரும்பாலோரிடம் வலையும் இல்லை, படகும் இல்லை. ஆணும் பெண்ணுமாக, நீர் வற்றும் வேளை பார்த்து இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றில் கையால் துழாவி, அகப்படும் இறாலையும் நண்டையும் கூடையில் போட்டுக்கொள்கிறார்கள். குலுக்கலுக்கு அவர்களை யாரும் அழைப்பதில்லை. நாளொன்றுக்கு ஐம்பது நிமிடம் பிந்தி வரும் அந்த வற்றத்தைக் கணக்கு வைத்துக்கொண்டு, நேற்று இறங்கியதைவிடச் சற்றே தாமதமாக இன்றும் இறங்குகிறார்கள்.